காகிதப்பூக் கிளையை அறுத்தது யார்?

எங்கள் தெருவில் ஒரு தோட்டக்காரருக்கு வேலை போய்விட்டது. பதினோரு வருடமாக அந்த வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர். கூலியை உயர்த்தித் தராத கோபத்தில் வாசல் காகிதப்பூவின் கிளைகளை ராத்திரியில் வந்து அறுத்துப் போடுகிறார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. பார்த்தவர் யாருமில்லை. நான் முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். கடைநிலை ஊழியர் ஒருவருக்கு ஒரு நாள் சம்பளத்தைப் பிடிப்பதென்றாலும் மெமோ கொடுத்து, விளக்கம் வாங்கி, அதன் பிறகுதான் கோப்பு மேலே போகும். இங்கே அதுகூட நடக்கவில்லை.

காய்ந்து தொங்கிய கிளை ஒன்றை எடுத்துவந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கத்தியோ கத்தரிக்கோலோ பட்டால் வெட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, வழவழவென்று இருக்கும். எலி கடித்தால் பட்டை தாறுமாறாகப் பிய்ந்திருக்கும். இதில் கிளையைச் சுற்றி மோதிரம் போல ஒரே சீரான பள்ளம், கடைசல் பட்டறையில் கடைந்தெடுத்த மாதிரி. நடுவில் விரல் நுனி அளவுக்கு மட்டும் நார் நாராக முறிந்திருந்தது. அந்த இடம் காற்றில் ஒடிந்தது. வளையத்துக்குக் கீழே செடி பச்சையாகத்தான் இருக்கிறது.

இது ஒரு வண்டின் வேலை. நீளமான உணர்கொம்பு கொண்ட வண்டினம். பிரெஞ்சில் 'லோன்ழிகோர்ன்' என்பார்கள், நீளக்கொம்பன் என்று அர்த்தம். பள்ளியில் எங்களுக்கு ஃபாப்ர் எழுதிய பூச்சிக் கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஓக் மரத்துக்குள் மூன்று வருடம் குடைந்துகொண்டே வாழும் புழுவைப் பற்றி அவர் எழுதியது இன்னும் நினைவில் இருக்கிறது. நம் ஊர் வண்டு அதற்குத் தூரத்துச் சொந்தம். விஞ்ஞானப் பெயர் ஸ்தெனியாஸ் கிரிசாடோர். காகிதப்பூ மட்டுமல்ல, திராட்சை, ரோஜா, முசுக்கொட்டை, பலா எல்லாவற்றிலும் கைவைக்கும்.

பெண் வண்டு ராத்திரியில் கிளையைச் சுற்றி வளையம் கடித்து, அதற்கு மேல்பக்கம் பட்டைக்கு அடியில் முட்டை இடுகிறது. பச்சை மரத்தின் சாறு அதன் முட்டைக்கும் புழுவுக்கும் ஆகாது. அதனால் குழந்தை பிறப்பதற்கு முன்பே தாய் கிளையைக் காயவைத்துவிடுகிறது. புழு பல மாதம் அந்தச் சுள்ளிக்குள்ளேயே குடைந்து தின்று, வண்டாகி வெளியே வரும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? கடைக்காரர் கொடுத்த மருந்தை இலையெல்லாம் சொட்டச் சொட்ட அடிக்கிறார்கள். புழு கட்டைக்குள் இருக்கிறது, இலையில் அல்ல. வேரில் ஊற்றச் சொல்கிறார் இன்னொருவர். ஐயா, அறுபட்டுக் காய்ந்த கிளைக்குச் சாறே ஏறுவதில்லை, மருந்து மட்டும் எப்படி ஏறும்? செத்ததெல்லாம் பூவுக்கு வந்த தேனீதான். இதைவிடக் கொடுமை, ஒடிந்த சுள்ளிகளைப் பொறுக்கி வெந்நீர் அடுப்புக்கு ஆகுமென்று பின்சுவர் ஓரமாக அடுக்கி வைப்பது. அடுத்த வருடத்து வண்டுகளுக்கு நாமே வாடகை வாங்காமல் வீடு கொடுக்கிறோம். வளையத்துக்குக் கீழே ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். கீழே விழுந்ததையும் சேர்த்து அன்றைக்கே எரித்துவிடுங்கள். காசு செலவில்லாத வைத்தியம், அதனால்தானோ என்னவோ யாரும் நம்புவதில்லை.

மூன்று ராத்திரி டார்ச் விளக்கோடு அந்த மதிலோரம் நின்றேன். (கொசுக்கடியும் வீட்டில் வாங்கிய திட்டும் தனிக் கணக்கு.) மூன்றாம் நாள் அகப்பட்டது. பட்டை நிறத்தில், ஓர் அங்குலம் நீளம் இருக்கும். கிளையில் ஒட்டியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, அறுத்த கிளையோடு அந்த வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உற்றுப் பார்த்தார். "சார் சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா வேற ஆளை வெச்சாச்சே" என்றார்.

பழைய தோட்டக்காரர் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலி அடுக்குகிறார். போன வாரம் பார்த்தபோது வண்டைப் பற்றிச் சொன்னேன். "அந்தச் செடி நான் நட்டதுங்கய்யா, நானே அறுப்பேனா?" என்று மட்டும் கேட்டார்.

பாட்டில் என் மேசை மேல்தான் இருக்கிறது. பார்க்க வேண்டியவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வரலாம்.