சம்பளத்துக்குப் பேசும் சங்கம் கரண்ட் பில்லுக்கும் பேசட்டும்

2022 ஓகஸ்ட் வரை மாதம் 30 அலகு மின்சாரம் எரித்த வீட்டுக்கு வந்த பில் 105 ரூபா. 2023 பெப்ரவரியில் அதே 30 அலகுக்கு 1,300 ரூபா: அலகுக்கு 30 வீதம் 900, நிலையான கட்டணம் 400. ஹட்டன், நுவரெலியா தேயிலைத் தோட்டங்களில் அன்று ஒரு நாள் ‘பேருக்கு’, அதாவது ஒரு நாள் கூலியாக, கிடைத்தது 1,000 ரூபா. ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்தும் கரண்ட் காசு தேறவில்லை. 30 அலகு என்பது ஆடம்பரமா? லயக் காம்பராவில் இரண்டு பல்பு, ஒரு டிவி, ஃபோன் சார்ஜ். அவ்வளவுதான்.

அந்த 1,000 ரூபாவுக்காகத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல்தான் சம்பளச் சபை வழியாக அதைப் பெற்றார்கள். சம்பளத்துக்குப் பேச மலையகத்தில் சங்கங்கள் இருக்கின்றன. அந்தச் சம்பளத்தைத் தின்னும் பில்லுக்கு யார் பேசுவது?

மின்சாரம் வழங்கும் நிறுவனத்தோடு தனியொரு வீடு பேரம் பேச முடியாது. ஆனால் விலையைத் தீர்மானிப்பது அந்த நிறுவனம் அல்ல, இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. அங்கே பேசினால் பலன் உண்டு. 2025 முற்பாதிக்குக் கட்டணத்தை மாற்ற வேண்டாம் என்றே மின்சார சபை கேட்டது. ஆணைக்குழு ஒன்பது மாகாணங்களிலும் மக்கள் கருத்தைக் கேட்டு, ஜனவரியில் 20 சதவீதம் குறைத்தது. 2023க்குப் பின் ஏற்கெனவே குறைந்திருந்த 30 அலகு பில் 195 ரூபாவுக்கு இறங்கியது. ஜூனில் கட்டணம் 15 சதவீதம் ஏறியது உண்மை. ஆனால் ஒக்டோபரில் சபை கேட்ட 6.8 சதவீத உயர்வை ஆணைக்குழு மறுத்துவிட்டது. அரசியல் அழுத்தம் அங்கேயும் உண்டு; 2023 உயர்வை எதிர்த்த ஆணைக்குழுத் தலைவர் ஜனக ரத்நாயக்கவை அதே ஆண்டு மே மாதம் நாடாளுமன்றம் பதவி நீக்கியது. அதனால்தான் அங்கே மக்களின் குரல் பலமாக ஒலிக்க வேண்டும்.

தோட்டத்துக்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் வாழும் லயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 60 அலகைத் தாண்டியதும் முதல் அலகிலிருந்தே விலை கூடிவிடும். 2025 ஜனவரிக் கட்டணப்படி 40 அலகு எரிக்கும் குடும்பத்துக்குத் தனி மீட்டர் இருந்தால் பில் 380 ரூபா. இரு குடும்பத்துக்கும் சேர்த்து 760. ஒரே மீட்டரில் 80 அலகாக ஓடினால் 1,340. கூடுதலாக எரிக்காத மின்சாரத்துக்கு மாதம் 580 ரூபா தண்டம்! வறிய வீட்டைக் காக்கவென்று வகுத்த படிநிலைக் கட்டணம் நெருக்கடியில் வாழ்பவரையே தண்டிக்கிறது.

தனி மீட்டர் எடுக்கலாமே என்பது சுலபமான பதில். காணியும் லயமும் தன் பெயரில் இல்லாதவர் இணைப்புக்கு விண்ணப்பிக்கத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்துக்காக ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நாளின் பேரும் போகும். கண்டியில் ஆணைக்குழு நடத்தும் கருத்துக் கேட்புக்குப் போகவும் ஒரு பேரை இழக்க வேண்டும். தொழிலாளி தனியாக இதைச் சுமக்க முடியாது.

சங்கங்கள் இங்கேதான் இறங்க வேண்டும். ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு மீட்டருக்கு எத்தனை குடும்பம் என்று எண்ணி, பழைய பில்களைத் திரட்டி, அடுத்த கட்டணத் திருத்தத்தில் ஆணைக்குழுவின் முன் வைக்கட்டும். பல குடும்பம் பங்கிடும் மீட்டருக்குக் குடும்ப எண்ணிக்கைப்படி படிநிலையைக் கணக்கிடக் கேட்கட்டும். சம்மதக் கடிதம் இத்தனை நாளுக்குள் தரப்பட வேண்டும் என்பதைக் கம்பனிகளோடு பேசும் மேசையில் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே வைக்கட்டும்.