கொட்டகைக்கும் அடித்தளம் உண்டு
திருமலை அடிவாரம் போன்ற சரிவுநிலங்களில் மாட்டுக்கொட்டகை அமைப்போர், மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டித் தளத்தைச் சமப்படுத்துவர். கண்ணுக்கு மட்டம் சரியாகவே தெரியும். ஆயினும் மழைக்காலத்தில் நிரப்புமண் ஊறி அமிழும். அதில் ஊன்றிய கால்கள் சாயும். வெட்டிய கரையும் சரியும். 2021 நவம்பர்ப் பெருமழையை அடுத்து, டிசம்பர் 1 அன்று திருமலை மலைப்பாதையிலேயே பாறைகள் உருண்டு சாலையைச் சிதைத்தன.

ஆகவே மட்டம் பார்ப்பதற்கு முன்பே மேற்புறத்தில் வடிகால் வெட்ட வேண்டும். நிரப்புமண்ணை அரையடி அடுக்குகளாக இட்டு, நீர் தெளித்து இறுக்க வேண்டும். கால்களை இயல்நிலம் வரை இறக்க வேண்டும். பெருங்கட்டடங்களுக்கு மண்ணாய்வு செய்யும் பொறியியல் துறைகள், உழவரின் கொட்டகையையும் பாடமாகக் கொள்ளல் தகும். அது சாய்ந்தால் மாடும் பிழைப்பும் ஒருசேரப் போகும்.