துப்பறியும் கதை நசிவிலக்கியமா?

துப்பறியும் கதைகளை நசிவிலக்கியம் எனத் தள்ளிவிடும் திறனாய்வாளர்கள், அவற்றின் அறத்தைக் காணத் தவறுகின்றனர். 1968இல் சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ நாவலில் தோன்றிய சட்டத்தரணி கணேஷும், பின்னர் அவனோடு இணைந்த குறும்புக்கார வசந்தும் எத்துணைதான் கேலி பேசினும், கொலையுண்டவனைக் கேட்பாரற்று விடுவதில்லை.

வாழைச்சேனைப் பகுதிக்கோ அத்தகையோர் வாய்க்கவில்லை. அண்மையிலுள்ள வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து அகதிமுகாமிலிருந்து 1990 செப்டெம்பர் 5 அன்று இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் மீளவில்லை. விசாரணை நடந்தது, நீதி கிட்டவில்லை.

இம்மண்ணில், ‘செய்தவன் யார்?’ என விடாது வினவும் எழுத்தை இழித்துரைப்பது எவ்வகை முற்போக்கு? காகித ஆலையால் பெயர்பெற்ற வாழைச்சேனை தனக்குரிய கணேஷையும் வசந்தையும் தானே படைக்கட்டும். அவர்கள் நகைக்கலாம், வினாவை மட்டும் கைவிடலாகாது.