ஆறங்குலத் திரையில் அடங்காத சர்க்கார்

ராஜபாளையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வரும் பஞ்சாலைத் தொழிலாளியின் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் நாற்று நடும் பெண்ணின் வீட்டிலும் இல்லை. இருப்பது ஒரு செல்போன். அதுவும் பாதி நேரம் பிள்ளைகள் கையில். பி.எப். கணக்கு, ரேஷன் கார்டு, பட்டா, நலவாரியப் பதிவு எல்லாம் இனி ஆன்லைனில் என்று சொல்லிவிட்டார்கள். சொல்லட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் பக்கங்களை யாருடைய திரைக்கு அளவெடுத்துத் தைத்தார்கள் என்று கேட்கிறோம்.

ஒரு சர்க்கார் தளத்தைச் சாதாரண செல்போனில் நாமே திறந்து பார்த்தோம். எழுத்து எள்ளளவு. விரலால் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. பாரத்தின் கடைசிக் கட்டத்தை எட்டிப் பிடித்தபோது, நேரம் முடிந்தது என்று தொடக்கத்துக்கே தள்ளிவிட்டது. பிறகென்ன, பிரவுசிங் சென்டர்தான்! அங்கே கட்டணம், காத்திருப்பில் அரைநாள் கூலி. இலவசச் சேவையின் விலை இது.

இது தீராத விஞ்ஞானப் புதிரா? இல்லவே இல்லை. திரையின் அகலத்துக்கேற்பத் தானே மடங்கி விரியும் பக்கங்களை அமைக்கும் முறையை 2010-லேயே ஈத்தன் மார்கோட் என்பவர் விளக்கி எழுதினார். அதற்கு வேண்டிய 'மீடியா குவரி' விதிகள் 2012-ல் உலகத் தரமாகிவிட்டன. திரையின் அகலமே பக்கத்தின் அகலம் என்று ஒற்றை வரி உத்தரவு, அகன்ற அட்டவணையை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது, காய்ப்பேறிய கட்டைவிரலுக்குத் தக்க பொத்தான், எண் கேட்கும் இடத்தில் எண் பலகை. இவ்வளவுதான் வேலை.

அத்துடன் தமிழும் வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் தளம் 2021 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அது தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளில் வர 2025 ஜனவரி ஆயிற்று.

"தனியாக ஆப் விட்டிருக்கிறோமே" என்பார்கள். நூறுநாள் வேலையில் செல்போன் செயலி வழி வருகைப் பதிவை 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்களே, என்ன நடந்தது? சிக்னல் இல்லாத இடத்தில் போட்டோ ஏறாவிட்டால், செய்த வேலைக்கான கூலி அந்தரத்தில் தொங்கியது. அதை எதிர்த்து தில்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் உட்கார வேண்டியிருந்தது. துறைக்கொரு செயலி என்று இறக்கினால் ஏழையின் போனில் இடமும் இருக்காது.

ஒரு தளத்தைத் திறந்து வைப்பதற்கு முன், அதைச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு தொழிலாளியிடம், அவருடைய போனிலேயே கொடுங்கள். பக்கத்தில் நின்று சொல்லித் தராதீர்கள். அவர் தனியே பாரத்தை முடிக்கும் வரை எந்த அதிகாரியும் அந்தத் தளத்துக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடக் கூடாது.