டிரைவரைக் கீழே வையுங்க சாமி!

கோல்ஃப் பணக்காரன் விளையாட்டு என்று என்னைக் கிண்டல் செய்யாத ஆள் எங்கள் வகுப்பில் கிடையாது. பாதி உண்மைதான். ஆனால் அதை அப்படியே வைத்திருப்பது யார்? ரேஞ்சுக்குப் போய், காசு கொடுத்துக் கூடைக் கூடையாய்ப் பந்து வாங்கி, அத்தனையையும் டிரைவரால் விளாசிவிட்டு வீட்டுக்குப் போகும் நம்ம ஆட்கள்தான்!

நானும் அந்தக் கூட்டம்தான். மூன்று மாத பாக்கெட் மணி கூடையிலேயே கரைந்தது. பந்து தூரம் போனது. ஸ்கோர் மட்டும் நகரவே இல்லை.

250 கெஜம் அடித்தாலும் ஒரு ஸ்ட்ரோக், ஆறு அங்குலம் தட்டினாலும் ஒரு ஸ்ட்ரோக். பார் 72 மைதானத்தில் குழிக்கு இரண்டு வீதம் 36 ஸ்ட்ரோக் பட்டிங்குக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். அதைப் பழக நமக்கு நேரமில்லையாம்!

"ஸ்கோர் வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூர ஆட்டத்தால்தான் என்று மார்க் பிராடி 2014 புத்தகத்தில் கணக்குப் போட்டாரே" என்று சண்டைக்கு வருவீர்கள். கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் தூரத்தைக் கூட்ட உடம்பு வேண்டும், கோச் வேண்டும், காசு வேண்டும். ஷார்ட் கேமுக்கு ஒரு பழைய கிளப்பும் நாலு பந்தும் போதும். செவ்வி பலஸ்டெரோஸ் ஸ்பெயின் கடற்கரை மணலில் ஒற்றை 3-அயர்னோடு பழகியவர். ஐந்து மேஜர் ஜெயித்தார். 2013 மாஸ்டர்ஸில் 14 வயது குவான் தியான்லாங், பெரியவர்களைவிடக் குறைவான தூரம் அடித்தும் 'கட்' தாண்டினான். நாலு ரவுண்டிலும் ஒரு த்ரீ-பட்கூட இல்லை.

இன்னொரு வியாதி, ஃபிளாப் ஷாட். கிரீன் ஓரத்தில் நின்றுகொண்டு மிக்கெல்சன் மாதிரி பந்தை வானத்துக்குத் தூக்குவது. கொஞ்சம் பிசகினால் பந்து அந்தப் பக்கப் புதருக்குள்! வழியில் பள்ளமோ மணலோ இல்லாதபோது எதற்கு இந்த வீரம்? 8-அயர்னை எடுங்கள். எடை முன்காலில், பந்து சற்றுப் பின்னால், மணிக்கட்டு அசையக் கூடாது. கிரீனில் ஒரு கெஜம் உள்ளே விழட்டும், மிச்சத்தை அதுவே உருண்டு போகும். பட்டிங்கிலும் முதலில் தூரத்தைப் பழகுங்கள். த்ரீ-பட் பெரும்பாலும் திசை தப்பி வருவதில்லை, தூரம் தப்பித்தான் வருகிறது.

ஒரே பந்து. சிப் செய்து, நடந்து போய், பட் செய்து குழியில் போடுங்கள். பத்து முறை. இரண்டே அடியில் எத்தனை முடிந்தது என்று எண்ணி எழுதி வையுங்கள். எனக்கு முதல் நாள் ஒன்று. இப்போது ஐந்து. கூடைக் காசு மிச்சம்.

ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு என்னைத் திட்டுங்கள். அதுவரை அந்த டிரைவர் பையிலேயே தூங்கட்டும்.