ஆளில்லாத ஊரா தனுஷ்கோடி?

போன வாரம் பேரன் கைபேசியில் ஒரு காணொளி காட்டினான். தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்றுகொண்டு ஒரு பையன், "இது பேய் நகரம், இங்கு மனிதர்களே இல்லை" என்று பேசுகிறான். அவனுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் கரைவலை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்!

தனுஷ்கோடி என்றதும் நமக்கு 1964 டிசம்பர் 22 இரவும், கடல் கொண்டுபோன ரயிலும்தான் நினைவுக்கு வருகின்றன. அதற்கு முந்தைய 50 ஆண்டுகளை, அதிலும் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தை, யாரும் பேசுவதில்லை.

1914இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை போட் மெயில் தூத்துக்குடிக்குத்தான் போனது. கொழும்புக்கு அங்கிருந்து கப்பல். பாலம் வந்த பிறகு எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடி வந்து, கப்பலேறி 22 மைல் கடந்து தலைமன்னாரில் இலங்கை ரயிலைப் பிடிக்கலாம். இர்வின், கோஷன் என்ற கப்பல் பெயர்கள் எங்கள் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. துரைகள், வியாபாரிகள், சேதுவில் நீராட வந்த வடநாட்டவர் என்று எத்தனையோ பேர் அந்த வழியாகப் போனார்கள். மண்டபம் முகாமில் அடைத்துவைத்துச் சோதிக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் அப்படித்தான் அக்கரைக்குப் போனார்கள். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தொழிலாளர்களை இலங்கைக்கு அனுப்புவதைத் தடை செய்ததோடு அந்தக் கூட்டம் நின்றது.

இத்தனைக்கும் நடுவில் அங்கே மீனவர்கள் இருந்தார்கள். ரயில் வருவதற்கு முன்பே இருந்தவர்கள். கச்சான் காற்று வீசினால் தெற்கே ஆண் கடல் கொந்தளிக்கும், வடக்கே பெண் கடலில் தொழில் நடக்கும். வாடை வந்தால் இது தலைகீழ். சுற்றிலும் உப்புக் கடல், ஆனால் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அந்த ஊற்றை நம்பித்தான் குடித்தனம். ரயிலும் கப்பலும் கொழும்புக்காக வந்தவை, இவர்களுக்காக அல்ல என்பது என் எண்ணம்.

புயலுக்குப் பிறகு அரசு அதை வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. ரயில்வே போயிற்று, சுங்கம் போயிற்று, தபால் நிலையம் போயிற்று. மீனவர்கள் மட்டும் திரும்பி வந்து ஓலைக்குடிசை போட்டார்கள்.

எனக்குக் கோபம் வருவது இதனால்தான். பேய் நகரம் என்பது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை. ஆளில்லாத ஊர் என்று பெயர் வாங்கிய இடத்தில், வலை காயப்போடும் மணலுக்கு அந்த மீனவன் எப்படி உரிமை கேட்பான்? அரிச்சல்முனைக்கு 2017இல் சாலை திறந்த பிறகு அந்த மணலுக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

இடிபாடுகளுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைக்கட்டும். புயலைப் பற்றி நான்கு வரி போதும். மீதி இடத்தில் அந்தக் கப்பல் காலத்தையும், இன்றும் அங்கே வலை இழுப்பவர்களையும் பற்றி எழுதட்டும். பேரனிடம் சொன்னேன், அடுத்த முறை போகும்போது கேமராவைக் கொஞ்சம் கடல் பக்கமும் திருப்பு என்று.