கேஸ் ஷாக் எதைத் தாங்கும்?

பழைய பொலிரோவின் குலுக்கலுக்கு, நைட்ரஜன் அடைத்த விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர்கள் நான்கையும் மாட்டுவதே ஒரே தீர்வு என்னும் வாதம், வண்டியின் எடையை எது சுமக்கிறது என்பதையே மறந்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த அவ்வண்டியின் பின்புறத்தைத் தாங்குவது கமான் பட்டை எனப்படும் எஃகு வில் தகடுகள். ஷாக் அப்சார்பரோ, அவை அமுங்கி எழும்போது உண்டாகும் ஆட்டத்தை, சிறு துளைகளின் வழியே எண்ணெயைத் தள்ளி வெப்பமாக மாற்றி அடக்கும் கருவி மட்டுமே. பட்டை தளர்ந்து பின்பக்கம் தாழ்ந்த வண்டி, புதிய ஷாக்கால் நிமிர்ந்துவிடாது.

நைட்ரஜனின் பயன் மெய்யானதே: கரடுமுரடான பாதையில் நெடுநேரம் ஓடுகையில் எண்ணெய் நுரைத்து வலுவிழப்பதை அதன் அழுத்தம் மட்டுப்படுத்துகிறது. ஆனால் திருப்புட்குழியிலிருந்து பட்டுச்சேலைக் கட்டுகளுடன் காஞ்சிபுரம் சென்று திரும்பும் வண்டிக்கு (பாலைவனப் பந்தயத்துக்குப் புறப்படாத வரை) அந்நிலை வருவதே அரிது. எண்ணெய் கசியும் ஷாக்கை, அதே அச்சின் மறுபக்கத்து இணையோடு சேர்த்துச் சாதாரண எண்ணெய் வகையால் மாற்றுவதும், முனைகளில் உலோகம் உரசாமல் காக்கும் ரப்பர் புஷ்களைப் புதுப்பிப்பதும், டயரின் காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பதுமே முதற்பணிகள். மிஞ்சும் பணம் போகவேண்டிய இடம் கமான் பட்டை.